இது அழைப்புதானா? ஊழியத்துக்கு வர நினைக்கும் ஒரு தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை நான்கைந்து முறை படித்தேன். மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று முதலில் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 27 வயது. வீடு லிங்கராஜபுரத்தில், வேலை ஒயிட்ஃபீல்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்த குடும்பம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) தமிழ்ச் சபை. நீங்கள் பிறப்பதற்கு முன்பே, பிள்ளை பிறந்தால் ஊழியத்துக்குக் கொடுக்கிறேன் என்று அம்மா பொருத்தனை பண்ணியிருக்கிறார். போன மாதம் கன்வென்ஷனின் கடைசி இரவில், முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்றபோது எழுந்து நின்றீர்கள், அழுதீர்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த ஊழியர் உங்கள் தலையில் கை வைத்து, திரளான ஜனங்களுக்கு முன்பாக நிற்பாய் என்று சொன்னார். அன்றிலிருந்து ஆபீஸில் மனம் ஒட்டவில்லை. ராஜினாமாக் கடிதம் டைப் பண்ணி வைத்தாயிற்று. அப்பா பேசுவதில்லை. இது கர்த்தருடைய அழைப்பா, என் உணர்ச்சியா, எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்கிறீர்கள்.

அந்தக் கடிதத்தை இப்போது அனுப்பாதீர்கள். உங்களுக்கு அழைப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை, இருக்கலாம். ஆனால் அதைத் தெரிந்துகொள்வதற்கு வேலையை விட வேண்டிய அவசியம் இல்லை. விட்டுவிட்டால் தெரிந்துகொள்வது இன்னும் கஷ்டமாகிவிடும். வேலையும் போய், அப்பாவோடு சண்டையும் போட்டு, சபை முழுக்கச் சொல்லியும் ஆன பிறகு, "தம்பி, இது உனக்கு இல்லை" என்ற பதில் வந்தால் அதைத் தாங்க யாரால் முடியும்? ஆம் என்றாலும் இல்லை என்றாலும் ஏற்றுக்கொள்ளக்கூடிய இடத்தில் நின்றுகொண்டு கேட்டால்தான் காது சரியாகக் கேட்கும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கோலார் தங்கவயலில் பிறந்தவன். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தார். மாரிக்குப்பத்திலிருந்து ரயில் ஏறி பெங்களூருக்கு வேலை தேடி வந்த ஆயிரக்கணக்கான தமிழர்களில் நானும் ஒருவன். தூரவாணி நகர் டெலிபோன் தொழிற்சாலையில் ஏழு வருஷம் ஷிப்டு பார்த்தேன். அப்புறம் இறையியல் படித்து, குருப்பட்டம் பெற்று, இந்த ஊரிலும் சுற்றுப்புறங்களிலும் சேகரம் சேகரமாக (ஒரு ஆயரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரம்தான் சேகரம்) மாறி, இப்போது ஓய்வில் இருக்கிறேன். ஊழியத்துக்கு வர விரும்பும் பிள்ளைகளை நேர்காணல் செய்யும் குழுவிலும் பல வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். உங்களைப் போல் எழுந்து நின்ற பிள்ளைகளை நிறையப் பார்த்தவன் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அம்மாவின் பொருத்தனையிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் உங்கள் மனதை அதிகம் அழுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். நம் ஜனங்களுக்குள் பொருத்தனை சாதாரண விஷயம் இல்லை. அதை நிறைவேற்றாவிட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தாய்மார் வருஷக்கணக்காகப் பயந்துகொண்டே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மா, வேதத்தில் வரும் சாமுவேலின் தாய் அன்னாளை நினைத்துத்தான் அந்தப் பொருத்தனை பண்ணியிருப்பார். சரி, அன்னாளின் கதையையே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அன்னாள் பொருத்தனை பண்ணினாள், பிள்ளை பிறந்தது, பால் மறந்ததும் சீலோவில் இருந்த ஆலயத்துக்குக் கொண்டுபோய் ஆசாரியனாகிய ஏலியிடம் விட்டாள். பையன் ஆசாரியர் உடையான சணல்நூல் ஏபோத்தைக் கட்டிக்கொண்டு ஆலயத்தில் வேலை செய்தான். இவ்வளவும் நடந்த பிறகு முதலாம் சாமுவேல் 3-ஆம் அதிகாரம் ஏழாம் வசனம் என்ன சொல்கிறது? சாமுவேல் இன்னும் கர்த்தரை அறியாதிருந்தான் என்கிறது. ஆலயத்துக்குள்ளேயே படுத்துத் தூங்குகிற பிள்ளை அவன்! தாயின் பொருத்தனை அவனை வாசல்வரைக்கும் கொண்டுவந்து விட்டது. அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற வேலையைக் கர்த்தர் அன்னாளிடம் விடவில்லை, தாமே செய்தார்.

ஆகையால் அம்மாவின் பொருத்தனையை நன்றியோடு நினையுங்கள். நீங்கள் சண்டே ஸ்கூலில் வளர்ந்ததற்கும், வேதம் உங்கள் நாவில் இருப்பதற்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அம்மாவின் கடனைத் தீர்ப்பதற்காகப் போதகராகாதீர்கள். அப்படி வந்த இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும். நல்ல மனுஷர்கள். பத்து வருஷத்துக்குள் உள்ளுக்குள் காய்ந்துபோனார்கள். சபையும் அவர்களோடு சேர்ந்து காய்ந்தது.

அதே அதிகாரத்தில் இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. கூப்பிட்ட சத்தத்தைச் சாமுவேலால் அடையாளம் காண முடியவில்லை. மூன்று தடவையும் ஏலியிடம்தான் ஓடினான். ஏலிக்குக் கண் மங்கலாயிருந்தது, அவருடைய குடும்பமோ சீர்கெட்டுக் கிடந்தது. ஆனாலும் இது கர்த்தருடைய சத்தம் என்று கண்டுபிடித்தவர் அந்தக் கிழவர்தான். அழைப்பு உங்கள் காதில் விழலாம். அது என்ன சத்தம் என்று சொல்ல, உங்களை நன்றாகத் தெரிந்த, வயதில் மூத்த ஒருவர் வேண்டும். மூன்று நாள் கூட்டத்துக்கு வந்துபோகிற ஊழியருக்கு உங்களைத் தெரியாது. உங்கள் ஆயருக்குத் தெரியும், ஓய்வு நாள் பள்ளி ஆசிரியைக்குத் தெரியும்.

இன்னொன்று பதினைந்தாம் வசனம். எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம், இந்த வசனத்துக்கு வருமுன்பே முடித்துவிடுவார்கள். அவ்வளவு பெரிய தரிசனம் கண்ட பிறகு சாமுவேல் என்ன செய்தான்? விடியும்வரை படுத்திருந்தான். காலையில் எழுந்து, தினமும் செய்கிற மாதிரி, ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான். உங்களுக்கும் இப்போது அதுதான் வேலை. திங்கட்கிழமை காலையில் லேப்டாப்பைத் திறந்து, ஒப்புக்கொண்ட வேலையை ஒழுங்காக முடியுங்கள்.

ஆபீஸில் மனம் ஒட்டவில்லை என்கிறீர்கள். இதை நீங்களே நேர்மையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். நாளைக்கு ஒரு நல்ல மேனேஜர் வந்து, சம்பளமும் கூட்டி, பிடித்த பிராஜெக்டையும் கொடுத்தால், இந்த ஆசை கொஞ்சம் அடங்குமா? அடங்கும் என்றால், அது வேலையைப் பற்றிய சலிப்பு. சலிப்பு பாவம் இல்லை, வேறு வேலை தேடினால் தீரும். பேதுரு வலையை விட்ட நாளை லூக்கா எழுதியிருக்கிறார். இராமுழுவதும் பாடுபட்டு ஒன்றும் கிடைக்காத காலையில் அவர் விட்டுவிட்டு வரவில்லை. இரண்டு படகும் அமிழ்ந்துபோகும்படி மீன் கிடைத்த அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் விட்டு இயேசுவின் பின்னே போனார். தொழிலில் தோற்று ஓடி வருகிறவரையும் கர்த்தர் எடுத்துப் பயன்படுத்துவார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஓடி வருகிறவர் சபையிலிருந்தும் ஓடிப்போவார். சேகரத்தில் வரும் கஷ்டம் ஒயிட்ஃபீல்டு கஷ்டத்தைவிடக் குறைந்ததில்லை. கமிட்டித் தேர்தல், சொத்துத் தகராறு, நீதிமன்றப் படி, கோயிலுக்குள்ளேயும் சாதி பார்க்கிற கொடுமை எல்லாம் அங்கே உண்டு. இவற்றைத் தெரிந்துகொண்டு வருகிறவர்தான் நிலைத்திருப்பார்.

அந்தத் தீர்க்கதரிசனத்தைப் பற்றி: அதைத் தள்ளவும் வேண்டாம், பிடித்துக்கொண்டு தொங்கவும் வேண்டாம். அப்போஸ்தலர் 13-இல் அந்தியோகியா சபையார் உபவாசித்து ஆராதித்தபோது, பர்னபாவையும் சவுலையும் பிரித்துவிடுங்கள் என்று பரிசுத்த ஆவியானவர் சொன்னார். அந்த இருவரும் அதற்கு முன்பே அதே சபையில் ஒரு வருஷகாலமாக உபதேசம் பண்ணிக்கொண்டிருந்தவர்கள். சபைக்கு அவர்களைத் தெரியும். தாம் அவர்களை அழைத்த ஊழியத்துக்காக என்றே ஆவியானவர் சொல்கிறார்; அழைப்பு முன்பே நடந்துவிட்டது. அன்றைக்குச் சபையார் கேட்டதெல்லாம் அதன் உறுதி.

எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. "திரளான ஜனங்களுக்கு முன்பாக" என்ற வார்த்தையை உங்கள் கடிதத்தில் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். போதக ஊழியம் திரளான ஜனங்களுக்கு முன்பாக நிற்கிற வேலை இல்லை, தம்பி. ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் மட்டும் அப்படி. மீதி நேரமெல்லாம் ஒரு ஆள், இரண்டு ஆள். டயாலிசிஸுக்குப் போய்வந்து படுத்திருக்கும் தாத்தாவின் கட்டிலோரம். மகன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று வெஸ்ட்ரி (கோயிலில் ஆயரின் அறை) கதவருகில் நின்று சொல்லும் அம்மா. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வேண்டாம் என்று சொல்லும் பெண். கல்பள்ளி கல்லறைத் தோட்டத்தில் மழையில் குழி தோண்டி முடிக்கும்வரை காத்திருக்கும் ஒரு குடும்பம். "என் ஆடுகளை மேய்ப்பாயாக" என்று இயேசு பேதுருவிடம் சொல்லும்போது ஆடுகளின் எண்ணிக்கையைச் சொல்லவில்லை. முதலில் சொன்னது ஆட்டுக்குட்டிகளைத்தான்.

என் அழைப்பு எனக்குத் தெரிந்தது எப்படி என்று சொல்கிறேன். அப்போது எனக்கு 25 வயது இருக்கும். மர்ஃபி டவுனில் ஒரு ஆட்டோ டிரைவர், எங்கள் சபைக்காரர், விபத்தில் இறந்துபோனார். ஆயர் ஏதோ கூட்டத்துக்காகச் சென்னை போயிருந்தார், ஆயருக்கு உதவியாக இருக்கும் உபதேசியாருக்குக் காய்ச்சல். எனக்கு இரண்டாவது ஷிப்டு என்பதால் காலையில் போனேன். சந்துக்குள் சாமியானா கட்டியிருந்தார்கள், உட்கார நாற்காலி இல்லை. கோயிலிலிருந்து தள்ளுவண்டியில் நாற்காலி ஏற்றிக்கொண்டு வந்தோம். அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வராத நாள். இரண்டு தெரு தள்ளி இருந்த போர்வெல்லிலிருந்து குடம் குடமாகத் தூக்கினேன். ஜெபிக்கச் சொன்னார்கள். எனக்கு வார்த்தை வரவில்லை. இருபத்துமூன்றாம் சங்கீதத்தைப் புத்தகம் பார்த்துப் படித்தேன், அதிலும் நடுவில் குரல் உடைந்துபோனது.

அந்த வீட்டில் நான்கைந்து வயதில் ஒரு பெண் குழந்தை. காலையிலிருந்து அதற்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை என்று மதியத்துக்கு மேல்தான் எனக்கு உறைத்தது. முனையில் இருந்த பேக்கரிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு தில்பசந்தும் ஒரு டம்ளர் பாலும் வாங்கிக் கொடுத்தேன். உள்ளே இருந்த தேங்காய்ப்பூவையும் டூட்டி ஃப்ரூட்டியையும் முதலில் தோண்டித் தின்றுவிட்டு, வெளி ஓட்டை அப்பாவுக்கு என்று எடுத்து வைத்தது. அன்றைக்கு ஷிப்டுக்குப் போகவில்லை. அடக்கம் முடியும்வரை இருந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அந்தக் குழந்தை ஓடிவந்து என் விரலைப் பிடித்தது. பின்னால் அதன் அம்மா. இன்ஷூரன்ஸ் ஃபாரத்தில் எங்கே கையெழுத்துப் போடுவது என்று கேட்க என்னைத் தேடி வந்திருந்தார். என் பேர் அவருக்குத் தெரியாது. "நாற்காலி தூக்கின தம்பி" என்று கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்திருக்கிறார். அப்புறம் அவர் மூலமாக இன்னொருவர், அவர் மூலமாக வேறொருவர்.

அந்தச் சமயத்தில்தான் நான் ஆயரிடம் போய், எனக்கு அழைப்பு இருப்பதாகத் தோன்றுகிறது ஐயா என்று சொன்னேன். அவர் என் தரிசனத்தைக் கேட்கவில்லை. "இந்த ஆறு மாசத்துல உன்னைத் தேடி எத்தனை பேர் வந்தாங்க?" என்று கேட்டார். யோசித்து, ஒன்பது பேர் என்றேன். "அந்த ஒன்பது பேர்ல யாராவது உன் பிரசங்கத்தைக் கேட்டிருக்காங்களா?" நான் அதுவரை பிரசங்கமே பண்ணினதில்லை. "சரி, அப்போ பேசலாம், உட்காரு" என்றார். நாற்காலியைக் காட்டினார், தன் மனைவியைக் கூப்பிட்டுக் காபி கொண்டுவரச் சொன்னார்.

அந்தக் கேள்வியை நான் பிறகு எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். உங்களிடமும் கேட்கிறேன். சபையில், ஆபீஸில், தெருவில், கஷ்டம் வந்தால் உங்களைத் தேடி யார் வருகிறார்கள்? உங்கள் டீமில் ஒருவருக்கு அப்பா ஐ.சி.யூ.-வில் இருந்தால், இரவு பதினொரு மணிக்கு உங்களுக்கு போன் வருமா? போதகனுக்கு வேண்டிய தகுதிகளைப் பவுல் ஒன்று தீமோத்தேயு 3-இல் வரிசையாக எழுதுகிறார். அதில் திறமை என்று சொல்லத்தக்கது போதகசமர்த்தன் என்ற ஒன்றுதான். மற்றதெல்லாம் குணம், வீடு, பேர். அந்த வரிசையை, புறம்பானவர்களால் நற்சாட்சி பெற்றவனாக இருக்க வேண்டும் என்று சொல்லி முடிக்கிறார். உங்கள் விஷயத்தில் புறம்பானவர்கள் என்றால் ஒயிட்ஃபீல்டில் உங்கள் பக்கத்து இருக்கைக்காரர்கள்தான். கன்வென்ஷனுக்குப் பிறகு வேலையில் அசட்டையாகி, உங்கள் வேலை அவர்கள் தலையில் விழுகிறது என்றால், அதை முதலில் சரி செய்யுங்கள்.

உள்ளான அழைப்பு, வெளியரங்கமான அழைப்பு என்று இரண்டைச் சபை எப்போதும் பிரித்துப் பார்த்திருக்கிறது. தேவனுக்கு முன்பாக ஊழியன் தன் மனச்சாட்சியில் அறிகிற இரகசிய அழைப்பு ஒன்று, சபையின் மூலமாக வருகிற அழைப்பு ஒன்று என்று சபைச் சீர்திருத்தவாதி கால்வின் எழுதுகிறார். லுத்தரன் சபையாரின் 1530-ஆம் வருஷத்து ஆக்ஸ்பர்க் அறிக்கையும், ஒழுங்காக அழைக்கப்படாத எவரும் சபையில் வெளிப்படையாகப் போதிக்கவோ திருவிருந்து பரிமாறவோ கூடாது என்கிறது. நம் தமிழ் மண்ணிலும் அப்படியே நடந்தது. இந்தியாவின் முதல் புராட்டஸ்டன்ட் குருவானவர் ஒரு தமிழர், கடலூர்க்காரர் ஆரோன். 1733-இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெறுமுன்பு பல வருஷம் உபதேசியாராக ஊர் ஊராக நடந்தவர். நடந்த கால்களைப் பார்த்துவிட்டுத்தான் தலையில் கை வைத்தார்கள்.

சபையின் வாயிலிருந்து "இல்லை" என்றோ "இப்போது வேண்டாம்" என்றோ வரலாம். எனக்கும் வந்தது. முதல் நேர்காணலுக்கு நான் நிறையப் படித்துக்கொண்டு போனேன். கேட்ட வேதக் கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். கடைசியில் ஒரு பெரியவர், "உங்க சபையில யாரோடயாவது பேசாம இருக்கீங்களா?" என்றார். இல்லை என்றேன். அது பொய். பாடகர் குழுவில் ஒரு அண்ணனோடு இரண்டு வருஷமாக எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. பாடல் தேர்வில் தொடங்கிய சின்னச் சண்டை. கேட்ட பெரியவருக்கு அது முன்பே தெரியும் என்று பிறகு அறிந்தேன். அடுத்த வருஷம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. கர்த்தர் கூப்பிட்டதை இவர்கள் யார் தடுக்க என்று கோபப்பட்டேன். அந்தக் கோபம் அடங்க நான்கு மாதம் ஆனது. அப்புறம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் காக்ஸ் டவுனில் இருந்த அந்த அண்ணன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் அழுதுவிட்டார். என் குருப்பட்ட ஆராதனையில் பாடகர் குழுவை நடத்தியவர் அவர்தான். அந்த ஒரு வருஷத்தில் நான் கற்றது இறையியல் கல்லூரியில் நான்கு வருஷம் கற்றதுக்குச் சமம் என்று உறுதியாகச் சொல்வேன்.

சரி, இனி நடைமுறைக்கு வருகிறேன். சி.எஸ்.ஐ.-யில் வழி ஒவ்வொரு திருமண்டலத்திலும் (ஒரு பேராயரின் கீழ் உள்ள பகுதி) கொஞ்சம் மாறும், ஆனால் பொதுவாக இப்படித்தான்: உங்கள் ஆயரின் கடிதம், சேகரக் கமிட்டியின் சிபாரிசு, திருமண்டலத் தேர்வுக் குழுவின் நேர்காணல், தேர்ந்தெடுத்தால் இறையியல் கல்லூரி, முடித்ததும் மூத்த ஆயர் ஒருவரின் கீழ் வேலை, உதவி குருப்பட்டம், பிறகு முழு குருப்பட்டம். படிப்பு பி.டி. எனப்படும் இறையியல் பட்டம். பட்டதாரிகளுக்கு நான்கு வருஷம். பட்டம் வழங்குவது செராம்பூர் செனட். வில்லியம் கேரியும் தோழர்களும் 1818-இல் தொடங்கிய செராம்பூர் கல்லூரியின் வழி வந்தது. பெங்களூரிலேயே மில்லர்ஸ் சாலையில், 1910-இல் தொடங்கிய ஐக்கிய இறையியல் கல்லூரி இருக்கிறது, அங்கே பாடம் ஆங்கிலத்தில். தமிழில் படித்துத் தமிழில் சிந்திக்க விரும்பினால் மதுரை அரசரடியில் 1969-இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி உண்டு. சென்னையில் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி இருக்கிறது. எந்தக் கல்லூரி என்பதை நீங்கள் மட்டும் முடிவு செய்ய முடியாது. அனுப்புகிற திருமண்டலமும் சொல்லும்.

வேலையில் இருந்துகொண்டே படிக்கவும் வழி இருக்கிறது, இதை நான் உங்களுக்குக் குறிப்பாகச் சிபாரிசு செய்கிறேன். செராம்பூர் செனட்டே அஞ்சல் வழியில் கிறிஸ்தவ இறையியல் டிப்ளமாவும் பட்டமும் தருகிறது. நம் ஊரிலேயே டாஃப்டி என்ற அமைப்பு, வேலைக்குப் போகிறவர்கள் வாரம் ஒருமுறை கூடிப் படிக்கிற மாதிரி வகுப்புகளை நடத்துகிறது. ஒரு வருஷம் அப்படிப் படித்துப் பாருங்கள். இரவு ஒன்பது மணிக்கு ஆபீஸ் களைப்போடு ரோமர் நிருபத்தைத் திறக்கும்போது தூக்கம் வருகிறதா, தூக்கம் போகிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பெந்தெகொஸ்தே சபைகளிலும் தனிச் சபைகளிலும் வழி வேறு. மூத்த பாஸ்டரின் கீழ் சில வருஷம் இருந்து பிறகு பிரதிஷ்டை. அதுவும் நல்ல வழிதான். ஆனால் யாருக்கும் கீழ் இல்லாமல், ஒரு வாடகை ஹாலையும் ஒரு சவுண்டு சிஸ்டத்தையும் எடுத்துச் சுய ஊழியம் தொடங்குவதை மட்டும் வேண்டாம் என்பேன். நீங்கள் தவறும்போது உங்களைக் கண்டிக்க ஒருவரும் இருக்க மாட்டார். எலியா தீர்க்கதரிசிக்குச் சீடனாகப் போன எலிசா, பன்னிரண்டு ஏர் மாடு பூட்டி உழுத வசதிக்காரன். எலியா சால்வையைப் போட்ட அன்றைக்கே அவன் தீர்க்கதரிசி ஆகிவிடவில்லை. எலியாவின் கைகளுக்குத் தண்ணீர் வார்த்தவன் என்றுதான் ராஜாவின் ஊழியக்காரன் ஒருவன் பிறகு அவனை அடையாளம் சொன்னான்.

பணம். உங்கள் இப்போதைய சம்பளத்தில் ஒரு சிறு பங்குதான் ஆயருக்கு வரும். வீடு கொடுப்பார்கள், ஆனால் அது உங்கள் வீடு இல்லை. மாற்றல் வந்தால் மூட்டை கட்ட வேண்டும், பிள்ளைகளின் பள்ளி மாறும். ஆகவே இன்றிலிருந்து ஆறு மாதம், சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கில் வாழ்ந்து பாருங்கள். மீதியை வங்கிக் கடன் அடைக்கவும், தங்கைக்குச் செய்ய வேண்டியதற்கும் ஒதுக்குங்கள். கடனோடு ஊழியத்துக்கு வருகிறவருக்குக் காணிக்கைப் பை கண்ணியாகிவிடும், நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அப்பாவைப் பகையாளியாகப் பார்க்காதீர்கள். ஊரை விட்டு இங்கே வந்து, ஒற்றை அறையில் குடியிருந்து, உங்களைப் படிக்க வைத்தவர் அவர். அவர் பயப்படுவது உங்கள் வருங்காலத்துக்காக. எலிசா தகப்பனையும் தாயையும் முத்தமிட்டு விடைபெற்றுத்தான் போனான். ஒரு நாள் சாயங்காலம் வேதவசனம் எதுவும் சொல்லாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்கு என்னப்பா பயம்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். பிறகு ஒரு போதகராக உங்களுக்கு முக்கால்வாசி வேலை இதுதான்.

கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தால், பெண்ணிடம் இதை முன்னதாகவே சொல்லிவிடுங்கள். சாஃப்ட்வேர் மாப்பிள்ளைக்குச் சம்மதித்த பெண்ணை ஆயரம்மா ஆக்குவது அநியாயம். என் மனைவி பள்ளிக்கூட வேலையோடு, இரவு எந்நேரம் கதவு தட்டினாலும் எழுந்து தண்ணீர் கொடுத்தார். அதற்கு அவருக்கென்று தனி அழைப்பு இருந்தது, என்னுடையதில் ஒட்டிக்கொண்டு வந்ததில்லை.

இதைப் படிக்கும் தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. சி.எஸ்.ஐ.-யில் பெண்களுக்குக் குருப்பட்டம் உண்டு. 2013-இல் புஷ்ப லலிதா அம்மையார் நந்தியால் பேராயராகவே ஆனார். உங்களைத் தேடி ஆட்கள் வருகிறார்கள் என்றால், நீங்களும் உங்கள் ஆயரிடம் போய்ப் பேசுங்கள். ஒரு போதகருக்கு மனைவியாவது மட்டும்தான் உங்களுக்கான வழி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தம்பி, சோதித்துப் பார்த்த பிறகு போதக அழைப்பு இல்லை என்று தெரிந்தாலும் அது தோல்வி இல்லை. வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்த அசரியா, 1909 வரைக்கும் குருப்பட்டம் பெறாமல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகத்தான் வேலை செய்தார். 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாகக் காரணமானவர்களில் அவர் முக்கியமானவர். 1905-இல் தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. இவை எல்லாம் அவர் அங்கி போடுமுன்பு நடந்தவை. அப்புறம் தோர்ணக்கல் போனார், தெலுங்கு கற்றார், 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

அவர் தெலுங்கு கற்றதைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பெங்களூரில் தமிழ்ச் சபையின் போதகராக இருக்கவும் கன்னடம் வேண்டும். சாவு வீட்டில் பாதிப் பேர் கன்னடக்கார அக்கம்பக்கத்தார். நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. பாட்டைத் திரையில் ஆங்கில எழுத்தில் போட்டால்தான் பாடுகிறார்கள். அவர்களை மேய்க்க மூன்று மொழியும் உங்கள் நாவில் இருக்க வேண்டும். கன்னடம் எழுதப் படிக்கத் தெரியாது என்றால் இந்த மாதமே தொடங்குங்கள்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். ஆயரைப் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு வேண்டாம், அவர் களைத்துப் போயிருப்பார், நாற்பது பேர் சுற்றி நிற்பார்கள். ஒரு வாரநாள் சாயங்காலம் போன் பண்ணிவிட்டுப் போங்கள். கன்வென்ஷனில் நடந்ததை ஒளிக்காமல், கூட்டாமல் சொல்லுங்கள். பிரசங்கம் பண்ண வாய்ப்புக் கேட்காதீர்கள். "ஐயா, நம்ம சேகரத்துல கோயிலுக்கு வர முடியாம வீட்டிலேயே கிடக்கிறவங்க யாராவது இருக்காங்களா? வாரம் ஒருநாள் நான் போய்ப் பார்க்கட்டுமா?" என்று கேளுங்கள். ஒரு வீடு போதும். கட்டாயம் இருக்கும், எந்தச் சேகரத்திலும் இருக்கும். விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டு, அந்த வாரமே போய் வாருங்கள். ஒரு வருஷம் விடாமல் போய்விட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். ராஜினாமாக் கடிதம் அப்போதும் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும், தேதியை மட்டும் மாற்றினால் போதும்.